7/20

"ஏழு பை இருபது. இது தேதியா, விலையா?"
மீனம்பாக்கம் சரக்குக் கூடத்தில்
ஹவானாவிலிருந்து வந்த அட்டைக்குழல்
பாதி உருவப்பட்டுக் கிடந்தது.
இருபது படிகளில் இது ஏழாவது என்றேன்.
"அப்ப மீதிப் பத்தொம்பது எங்க?"
நியாயமான கேள்விதான்.
யூனெய்சி தோளைக் குலுக்கினாள்.
ஒன்று அவள் அத்தை வீட்டுக் குளியலறையில்
சுவர்க் கசிவை மறைக்கிறது.
ஒன்றை யாரோ மியாமிக்குச் சுருட்டிப் போனார்கள்.
மற்றவை பற்றித் தகவல் இல்லை.

படத்தில் ஒரு முட்டை,
மூன்று மாடி உயரம்.
அதைச் சுற்றி வரிசை.
கடைசி ஆள்
முதல் ஆளின் முதுகைத் தொட்டு நிற்பதால்
முதல் ஆள் என்று எவரும் இல்லை.
எல்லோர் கையிலும் சின்ன அட்டை.
"ரேஷனா?" என்றார் அதிகாரி
வேறொரு குரலில்.
முத்திரை விழுந்தது.

ஆயிரம் விளக்கு ஸ்டுடியோவில்
இரண்டாம் நாளே அச்சுப்பொறி
ஒரு பல்லைத் துப்பியது.
புதுப்பேட்டைக்கு ஆட்டோ பிடித்தோம்.
செத்த கார்களின் கதவுகள் தெரு நெடுக அடுக்கியிருக்க
அவள் நடை மாறிற்று,
பிறந்த தெருவுக்குள் நுழைந்தவளைப் போல.
நின்று நின்று கார்பரேட்டர்களை முகர்ந்தாள்.
இதயத்துல்லா பாய் ஒரு பழைய வேனின்
வயிற்றிலிருந்து பல்சக்கரத்தைப் பிடுங்கி
மண்ணெண்ணெயில் கழுவி நீட்டினார்.
அவள் ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள்,
அவர் மெட்ராஸ் பாஷையில் ஏதோ சொன்னார்,
விலை எண்பது ரூபாய் குறைந்தது.

மரம் நான் கொண்டுவந்தேன்.
கூவம் ஓரம் இடித்த அன்று
ஜேசிபிக்குப் பின்னால் பொறுக்கிய கதவுப் பலகை.
எங்கள் கதவு.
பக்கத்து வீட்டுக் கதவாகவும் இருக்கலாம்,
எல்லாம் ஒரே மலிவு நீலம்.
கணக்கெடுக்க வந்தவர்கள்
சிவப்பில் எழுதிய எண் மட்டும் அழியவில்லை: 214.
எண்ணைத் தொடாமல்
சுற்றியுள்ள மரத்தை மட்டும் செதுக்கினேன்.
மை பூசி, தாள் போட்டு, சக்கரம் சுற்றி, உரித்தால்
இடம் வலம் மாறி விழுந்திருந்தது,
பெரும்பாக்கம் வரை போன எண்
திரும்பி நடந்து வருவதுபோல.
அப்படியே விட்டுவிட்டேன்.

ஆழ்வார்பேட்டையில் திறப்பு விழா.
சிறப்பு விருந்தினர் முட்டையைப் பார்த்து,
"இது உங்கள் அரசாங்கத்தின் மீதான விமர்சனம், இல்லையா?"
"அது முட்டை" என்றாள் யூனெய்சி.
கைதட்டல்.
கடல் பல தாண்டிய ஒரு தீவைப் பற்றி
எல்லோரும் வெகு துணிச்சலாகப் பேசினார்கள்.
சமோசா வந்தது.

அரங்கின் சொந்தக்காரர் பிரமீளா
என்னை ஓரமாக அழைத்தார்.
"உன்னோடதை மட்டும் உள்ரூம்ல மாட்டலாமா?
ஃபோன் வந்தது. தப்பா எடுத்துக்கப் போறாங்க."
"அது கதவு" என்றேன்.
எவரும் சிரிக்கவில்லை.

உள் அறையில் இருந்தது வாட்டர் கேன்,
நாலு உடைந்த நாற்காலி, என் கதவு.
கொஞ்ச நேரத்தில் யூனெய்சி
தன் முட்டையை ஆணியோடு கழற்றிக் கொண்டுவந்து
கேனுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள்.
ஒன்றும் பேசவில்லை. ஆணியை வாயில் கடித்திருந்தாள்.
மே மாதம். ஏசி திணறியது.
ஒருவர் தண்ணீர் தேடி வந்தார்.
பிறகு மூவர்.
பிறகு பட்டுச்சேலைகள், ஜிப்பாக்கள், சிறப்பு விருந்தினர்,
காகிதக் கோப்பையோடு
ஒருவர் முதுகை ஒருவர் உரசியபடி.
வரிசை அறை கொள்ளாமல் வளைந்தது.
ஒரு கல்லூரிப் பையன்
முட்டையைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான்,
வாயைப் பொத்திக்கொண்டான்.

கடைசிப் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு திரும்பினேன்.
பிரேக் போட்டபோதெல்லாம் கம்பியை இறுகப் பிடித்தேன்.
நக இடுக்கில் காயாத மை.
மத்திய கைலாஷில் ஏறிய பெண்
நான் பிடித்த இடத்தையே பிடித்தாள்.
பள்ளிக்கரணை தாண்டித்தான்
தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.